தவிட்டு வாசமில்லாத சேட்

அரபுக் கல்லூரி விடுதி,
மாத்தளை.
22.04.2025

அன்புள்ள இன்ஷிரா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இதனால் ஏறாவூர் வாழ் பொதுமக்கள் யாவருக்கும், அவர்களது ஆடு கோழிகளுக்கும் அறியத் தருவது யாதெனில்: இன்று சுபஹுத் தொழுகைக்குப் பின், வுளுத் தொட்டிக்கு மேலே தொங்கும் உடைந்த கண்ணாடியின் முன்னிலையில், உசனார் மகன் பஸ்லானின் நாடியில் ஏழாவது முடி முளைத்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பதினெட்டு வருடம் வெறும் நாடியாக இருந்தது இன்றுமுதல் தாடி என்று அழைக்கப்படும். விருந்து வைபவம் பின்னர் அறிவிக்கப்படும்.

நான் சுகம். நீங்களும் மருமகள் றுமைஸாவும் நௌஷாட் மச்சானும் சுகமா? கட்டாரிலிருந்து வாப்பா பேசினாரா? எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம்தான் போன். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். வார்டன் ஹஸரத் பக்கத்தில் இருந்து ஒரு கையால் தஸ்பீஹ் மணியையும் இரண்டு காதால் எங்கள் குடும்பங்களையும் உருட்டுவார். ஆகவே வீட்டுக் கதை எல்லாம் கடிதத்தில்தான்.

பெருநாளன்று உங்கள் மாமி வீட்டில் நான் நடத்திய ஊர்வலத்தை இங்கே பதினொரு தடவை சொல்லிவிட்டேன். எல்லாரும் பாயில் வட்டமாக இருந்து ஒரே சஹன் தட்டில் சோறு தின்ன, நீங்கள் மட்டும் கதிரையில் இருந்தீர்களே! அதுவும் பழைய சாறியை முறுக்கிச் செய்த சும்மாட்டைக் கீழே போட்டு, அதற்கு மேலே. நீங்கள் தண்ணி எடுக்க எழும்பிய நேரம் அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "பராக்! பராக்! இன்ஷிரா மகாராணிட சும்மாசனம் வருகுது, எல்லாரும் ஒதுங்குங்க!" என்று சுற்றி வந்தேன் அல்லவா? உங்கள் ஸகியா மாமியின் பல் செட் கழன்று சஹனுக்குள் விழப் பார்த்தது. மச்சானும் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். மூன்று பேரை ஒரே நேரத்தில் சிரிக்க வைப்பது ஏறாவூரில் லேசான வேலை இல்லை.

மருமகளுக்கு ஒரு கொஞ்சல். மச்சானுக்கு ஸலாம்.

இப்படிக்கு,
தாடி மாமா பஸ்லான்

*

ஏறாவூர்,
06.05.2025

அன்புத் தம்பி பஸ்லானுக்கு,

உன் தாடிக்கு ராத்தாவின் ஸலாம். அதற்குப் பின்னால் நிற்கும் உனக்கும்தான்.

இங்கு அல்லாஹ்வின் கிருபையால் எல்லாரும் சுகம். மகளுக்குப் பல் நான்கு. மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், விட்டால் விழுகிறாள், விழுந்தால் என்னைத்தான் முறைக்கிறாள். வாப்பா போன கிழமை பேசினார். அங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறதாம்.

மச்சானுக்கு அரிசி ஆலையில் வேலை கூடுதல். உன் ஸலாத்தைச் சொன்னேன். பெருநாள் கதையைப் பன்னிரண்டாம் தடவை சொல்லாதே, போதும்.

கைமெசினை மேசையில் ஏற்றி, நின்றுகொண்டே தைக்கப் பழகிவிட்டேன். முதுகுக்கு அதுதான் நல்லதாம். ஊருக்குத் தைப்பதைக் குறைத்துவிட்டு மகளுக்குச் சட்டை தைக்கிறேன்.

ஓர் உதவி. உன் கையெழுத்து வடிவானது. பெரிய தாளில் ஆனா ஆவன்னா முழுவதையும் எழுதி அனுப்பு. மகள் படிக்கும்போது சுவரில் ஒட்டலாம். அவசரமில்லை. என்றாலும் சுறுக்கா அனுப்பு.

சாப்பாட்டைக் கவனி. தலைக்கு எண்ணெய் வை.

உன் ராத்தா,
இன்ஷிரா

*

மாத்தளை,
14.05.2025

அன்பின் ராத்தா,

ஸலாம். நானும் என் தாடியும் நலம். விடுதிப் பருப்புக் கறியில் பருப்பு மட்டும் நலமில்லை. மூன்று நாளாகக் காணவில்லை, கண்டவர்கள் அறிவிக்கவும்.

ஆனா ஆவன்னா இத்துடன் வருகிறது. ஆனாவுக்குப் பக்கத்தில் ஆடு கீறப் போனேன். அது பூனையாக வந்துவிட்டது. மருமகள் குழம்பினால் நான் பொறுப்பல்ல. ஆனால் பதினொரு மாதப் பிள்ளைக்கு எழுத்து, நாலு பல்லுக்காரிக்குப் பாடமா? கொஞ்சம் பொறுங்கள், முதலில் நடக்கட்டும்.

இனித் துப்பறியும் அறிக்கை. பெருநாள் முடிந்து பத்து நாள் நான் ஓட்டமாவடியில், என்னோடு ஓதும் பாஹிம் வீட்டில் நின்றேன். திரும்பி வந்து நாலு நாள் உங்களோடு இருந்தேன். அந்த நாலு நாளும் மச்சானைக் காணவில்லை. "நீ ஒழும்ப முந்திப் போறாரு, நீ உறங்கினாப் பொறகு வாறாரு" என்றீர்கள். சரி, நான் கும்பகர்ணன். ஆனால் கொடியில் நாலு நாளும் ஒரே நீலச் சேட் காய்ந்தது. ஆலைக்காரரின் சேட் எத்தனை தரம் தோய்த்தாலும் தவிட்டு வாசம் போகாது. நான் அதை மோந்து பார்த்தேன். வெறும் சவர்க்கார வாசம்! என் முடிவு: மச்சான் ஆலைக்குப் போவதில்லை. இரகசியமாகச் சவர்க்காரக் கம்பனி நடத்துகிறார்.

இன்னொரு செய்தி. பேச்சுப் போட்டியில் முதலாம் இடம் எனக்கு. கல்லும் கரையும் என்று ஹஸரத்மார் சொன்னார்கள்.

பதில் உடனே போடுங்கள்.

உங்கள் தம்பி,
துப்பறியும் பஸ்லான்

*

ஏறாவூர்,
20.06.2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். பதில் பிந்திவிட்டது, கோவிக்காதே. கை ஓயவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. மச்சான் அவர் உம்மா வீட்டில் குர்பான் வேலையாக நின்றார். நானும் மகளும் இங்கே. நீ அனுப்பிய எழுத்தை இப்போதே சுவரில் ஒட்டிவிட்டேன். மகள் பூனையைத்தான் பார்க்கிறாள்.

இரண்டு வயது, மூன்று, நாலு, ஐந்து என்று சட்டை எல்லாம் தைத்தாயிற்று. ஆறு வயதுக்கும் ஏழு வயதுக்கும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. வளர்த்தி தெரியாததால் மடிப்புக் கூடுதலாக விட்டிருக்கிறேன், அவிழ்த்துவிடலாம். ஒவ்வொன்றிலும் உள்பக்கம் வயதைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறேன். உம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. சாவி அரிசிப் பானைக்குள்.

தம்பி, நீ பகிடிக்காரன் என்றாலும் பொறுப்பான பிள்ளை. மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு நீதான் கையைப் பிடித்துக் கொண்டுபோக வேணும். வாப்பா தூரத்தில். ஆண்களுக்கு வேறு குடும்பம், வேறு சோலி வந்துவிடும். மாமன் மாறமாட்டான்.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். துஆச் செய்.

ராத்தா

*

மாத்தளை,
27.06.2025

ராத்தா,

ஸலாம். இந்தக் கடிதத்தில் பகிடி இல்லை. தேடினாலும் கிடைக்காது, எங்கள் பருப்பு மாதிரி. மன்னியுங்கள், அதுவாக வந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். பாஹிமுக்கும் வாசித்துக் காட்டினேன், "என்ட மருமகள் கிழமைக்கு ஒரு வயசு வளர்றாள்" என்று. அவன் சிரிக்கவில்லை. "சாவி எங்க இரிக்கெண்டு ஏன்டா ஒனக்குச் செல்றா?" என்று கேட்டான்.

உம்மா ஆறு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டா. நினைவிருக்கா? எனக்குப் பதினான்கு வயது. "ஏன் உம்மா இவ்வளவு?" என்று கேட்டேன். "காய் மலிவு மனே" என்றா. இடுப்பில் கையை வைத்துக்கொண்டே போத்தலை அடுக்கினா. "ஒண்டுமில்ல, வாய்வு" என்றா. நாங்கள் நாலாம் போத்தலைத் திறந்தபோது உம்மா இல்லை. கர்ப்பப்பைக் கென்சர் என்று கடைசி மாதத்தில்தான் தெரிந்தது. ஆறாம் போத்தலை நீங்கள் திறக்கவிடவில்லை.

ஏழு வயதுச் சட்டையை ஏன் இப்போது தைக்கிறீர்கள்? ஏன் நின்றுகொண்டு தைக்கிறீர்கள்? ஏன் கதிரைக்குச் சும்மாடு?

உண்மையை எழுதுங்கள். எழுதாவிட்டால் மதிலேறிப் பாய்ந்து வருவேன். மதில் உயரம் ஆறடிதான், அளந்துவிட்டேன்.

பஸ்லான்

*

ஏறாவூர்,
11.07.2025

தம்பி,

ஸலாம். உன் கடிதம் வந்து பத்து நாள். நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இதைத் தம்பிக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. உம்மா இருந்தால் உம்மாவுக்குச் சொல்லியிருப்பேன். வாசித்ததும் எரித்துவிடு.

மகள் பிறந்தபோது வெட்டித் தையல் போட்டார்கள். எல்லாருக்கும் போடுவதுதான். நாற்பதாம் நாள் குளிப்போடு எல்லாம் ஆறிவிட்டது என்றுதான் நினைத்தேன். நாலைந்து மாதம் போனபின், தையல் போட்ட இடத்தில், வெளித்தோலில், பயறு போல ஒன்று தட்டுப்பட்டது. சும்மா நின்றால் ஒன்றும் தெரியாது. ஏதும் பட்டால், இருந்தால், கறண்ட் அடித்த மாதிரி உச்சிவரைக்கும் ஏறும். பாயில் காலை மடித்து இருக்கவே முடியாது. சும்மாட்டின் நடுவில் ஓட்டை இருப்பதால் அதன்மேல் கொஞ்ச நேரம் இருக்கலாம்.

எனக்குத் தெரிந்த கட்டி ஒன்றுதான் தம்பி. அது உம்மாவைக் கொண்டுபோன கட்டி. டொக்டரிடம் போனால் பெயர் சொல்லிவிடுவார்கள். பெயர் சொன்னால் நாள் சொல்லிவிடுவார்கள். அதற்குமுன் சட்டைகளை முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

மச்சான் வீட்டில் இல்லை. பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள் பெட்டியோடு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நீ கேட்பாய், அதனால் எழுதுகிறேன்: உன் பகிடிக்குப் பிறகு மாமி வீட்டில் எனக்கு மகாராணி என்றே பெயர். "எங்கட பாயில இரிக்க அவளுக்குக் கேவலம், சிம்மாசனம் தேவைப்படுது" என்று மாமி சொல்லியிருக்கிறா. அவர் என்னிடம் வந்து, "என்ட உம்மாட சஹனில இரிக்கிறது ஒனக்குக் கேவலமா? என்னோட இரிக்கிறதும் கேவலமா?" என்று கேட்டார். பல மாதமாக நான் அவரைவிட்டுத் தள்ளித்தான் இருந்தேன். ஏனென்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கும் "ஒண்டுமில்ல" என்றேன். இதற்குமேல் தம்பியிடம் எழுத ஏலாது.

வீடு என்னுடையது, அதனால் நான்தான் அவரைத் துரத்தினேன் என்று ஊர் சொல்லும். அதற்காகத்தான் அந்தச் சேட். மறந்து விட்டுவிட்டுப் போனார். இரண்டு நாளைக்கு ஒருமுறை தோய்த்துப் போடுகிறேன், பக்கத்து வீட்டு முப்லிஹா சாச்சி பார்க்கட்டும் என்று. நீ மோந்து பார்ப்பாய் என்று நினைக்கவில்லை.

நீ செய்தது பகிடி. உனக்குத் தெரியாது. எனக்கு உன்மேல் ஒன்றுமில்லை. மதிலேறாதே, காலை முறிப்பாய்.

ராத்தா

*

மாத்தளை,
18.07.2025

என் ராத்தாவுக்கு,

ஸலாம். எரித்துவிட்டேன். எரிக்கமுன் எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதீர்கள்.

அன்று நீங்கள் தண்ணி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, சிரித்து, சும்மாடு இல்லாத கதிரையில் அப்படியே இருந்தீர்கள். முகம் கோணவே இல்லை. எனக்கு அந்தச் சிரிப்பு இப்போது நித்திரையில் வருகிறது.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள், வீட்டில் இருக்கும் ஆம்பிளை நான்தான்.

ஒன்று: மருமகளை நிறுக்க மாதாமாதம் கொண்டுபோவீர்களே, சீதேவிப்பிள்ளை மிஸ்ஸிடம், அவவிடம் சொல்லுங்கள். டொக்டரிடம் வேண்டாம், ஆம்பிளையிடம் வேண்டாம், அந்த மிட்வைப் மிஸ்ஸிடம் மட்டும். ஒரு வசனம் போதும். வாய் வராவிட்டால் தாளில் எழுதிக் கொடுங்கள். உம்மாவின் கட்டி உள்ளே இருந்தது, உங்களுடையது வெளியே, தையலில். அதுவும் இதுவும் ஒன்றென்று யார் சொன்னது? நீங்களா டொக்டர்?

இரண்டு: மச்சானுக்கு நான் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். நாலு பக்கம். எல்லாவற்றையும், கண்ணியமான சொல்லில். பேச்சுப் போட்டியில் கல்லைக் கரைத்தவன் நான், ஓர் ஆலைக்காரர் கரையமாட்டாரா? வாசித்தால் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வருவார், பாருங்கள்.

நான் அழவில்லை. ஹஸரத்தைக் கேட்டாலும் சொல்வார்.

உங்கள் தம்பி,
பஸ்லான்

*

ஏறாவூர்,
08.08.2025

அன்புத் தம்பி பஸ்லானுக்கு,

ஸலாம். மகள் இரண்டு எட்டு நடந்தாள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், மற்றது பிறகு.

உன் சொல் கேட்டு மிஸ்ஸிடம் போனேன். தாளில் எழுதிக்கொண்டு போனேன், ஆனால் கொடுக்கத் தேவைப்படவில்லை. பிள்ளையை நிறுத்துவிட்டு என்னைப் பார்த்து, "இருங்க புள்ள" என்றா. நான் நின்றேன். மறுகாலும் "இருங்க" என்றா. நான் ஒரு பக்கமாக இருந்தேன். அவ கொப்பியை மூடிவிட்டா. "எத்தின மாசமா இப்பிடி இருக்கிறீங்க?" என்றா. தம்பி, அந்தக் கேள்வியை ஒருவர் கேட்க மாட்டாரா என்று எத்தனை நாள் பார்த்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கிளினிக் முழுக்கக் கேட்க அழுதேன்.

அவவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. பஸ்ஸில் வாவிப் பக்கம் சீட் கிடைத்தது. தன்னாமுனை தாண்டும்வரை சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனேன். மிஸ்ஸும் எழும்பி என்னோடு நின்றா. கொண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

டொக்டர் பொம்பிளைதான். பார்த்துவிட்டு விளங்கப்படுத்தினா. நரம்பு வெட்டுப்பட்டால், தன் அறுந்த மற்றத் துண்டைத் தேடி வளருமாம். கிடைக்காவிட்டால், போக வழி தெரியாமல் தன்னையே சுற்றிச் சுற்றி முடிச்சாகிவிடுமாம். யார் பிழையுமில்லையாம், சில பேருக்கு அப்படி ஆறுமாம். "கெட்ட கட்டி மாதிரித் தெரியல்ல. ஆனா நீங்க சொல்ற நோ பொய்யில்ல, உண்மையான நோதான்" என்றா. அந்த இரண்டாவது சொல்லுக்குத்தான் நான் கூடுதலாக அழுதேன்.

போன செவ்வாய் மரக்க ஊசி போட்டு வெட்டி எடுத்தார்கள். அரை மணித்தியாலம். எடுத்ததைச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர ஒரு மாதம் ஆகுமாம்.

உன் கடிதம் அவருக்கு எப்போதோ கிடைத்திருக்கும். மூன்று கிழமை ஆகிறது. பின்னேரத்தில் கேற் சத்தம் கேட்டால் எழும்பிப் பார்க்கிறேன். ஆடுதான் தள்ளுகிறது. நீ அவருக்கு எப்படி எழுதினாய்? கடுமையாக எழுதவில்லையே?

ராத்தா

*

மாத்தளை,
15.08.2025

அன்பின் ராத்தா,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ். மூன்று ரக்அத் கூடுதலாகத் தொழுதேன், பிறகு பாஹிம் அது இரண்டு அல்லது நாலு என்று சொன்னபடியால் இன்னொன்று சேர்த்தேன்.

முடிவு நல்லதாகவே வரும். மருமகளிடம் நடக்கச் சொல்லுங்கள், ஓட வேண்டாம்.

மச்சானுக்கு மிருதுவாகத்தான் எழுதினேன். யோசிக்க நேரம் எடுப்பார். ஆலை வேலை. கொஞ்சம் பொறுங்கள்.

பரீட்சை, அதனால் சுருக்கமாக.

பஸ்லான்

*

ஏறாவூர்,
12.09.2025

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். முடிவு வந்துவிட்டது. நரம்பு முடிச்சுத்தான். கெட்டது ஒன்றுமில்லை. கெட்டதாக மாறவும் மாட்டாதாம். மிஸ் வீட்டுக்கு வந்து சொன்னா, நான் தேத்தண்ணி போட மறந்தே போனேன்.

காயம் ஆறிவிட்டது. போன வெள்ளி பாயை விரித்து, காலை மடித்து இருந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் நேரம் இருந்தேன். ஒன்றுமே இல்லை. பிறகு உம்மாவின் பெரிய சஹனை இறக்கிச் சோறு போட்டு, நானும் மகளும் இருந்து தின்றோம். ஆறு பேருக்கான தட்டு. அவள் ஒரு கரையில், நான் ஒரு கரையில்.

இனி மற்ற விஷயம். போன கிழமை பள்ளிச் சந்தியில் அவரைக் கண்டேன். மகள் என் தோளில். நான் நின்றேன், அவரும் நின்றார். வாயைத் திறப்பார், "கடிதம் கெடச்சிச்சு" என்று ஒரு சொல் சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "பல்லு எத்தின?" என்றார். "ஆறு" என்றேன். கொஞ்ச நேரம் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். சேட்டில் தவிட்டு வாசம்.

நான் அவரைப் பற்றிக் கெட்டது நினைத்ததேயில்லை. தெரியாததால் கோவிக்கிறார், தெரிந்தால் வருவார் என்றுதான் இருந்தேன். இப்போது நீ எல்லாவற்றையும் எழுதி, அவர் வாசித்து, என் உடம்பில் கட்டி இருந்ததும் தெரிந்து, பல்லைத்தானே கேட்டார். தெரிந்தும் வராத மனிதரை இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது?

மாமி வீட்டார் ஒரு பெண் பார்த்திருக்கிறார்களாம். இரண்டு பக்கச் சம்மதத்தோடு பிரிவதென்றால் கையெழுத்துப் போடலாம் என்று காதியாரிடமிருந்து ஆள் வந்தது. இருபத்தைந்தாம் திகதி. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். சேட்டைக் கடைசியாகத் தோய்த்து, அயன் பண்ணி, பையில் போட்டு வைத்திருக்கிறேன், அங்கே கொடுக்க. கொடி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து முப்லிஹா சாச்சி, "நீலச் சேட்டு எங்க புள்ள?" என்றா. "காஞ்சிட்டு" என்றேன்.

நீ உன் பங்கைச் செய்தாய் தம்பி. நீ எழுதிய அந்த நாலு பக்கத்துக்காக அல்லாஹ் உனக்கு நல்ல கூலி தருவான்.

ராத்தா

*

மாத்தளை,
17.09.2025

என் ராத்தாவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. பாஹிம் ஊருக்கு வருகிறான். ஓட்டமாவடியில் இறங்காமல் ஏறாவூர்வரை வந்து உங்கள் கையில் தந்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். போனில் சொல்லத்தான் போனேன். பின்னால் நாற்பது பேர். வாய் திறந்ததும் அழுகைதான் வந்தது, ஹஸரத் போனை வாங்கி வைத்துவிட்டு எனக்குத் தண்ணி தந்தார். அழவில்லை என்று முன்பு எழுதியதும் பொய்.

"இதனால் யாவருக்கும் அறியத் தருவது" என்று தொடங்கினால் எழுத லேசாக இருக்கும் என்று பார்த்தேன். இருக்கவில்லை.

மச்சானுக்கு நான் கடிதம் போடவில்லை.

நாலு பக்கம் என்றேன். நாலு வரியும் இல்லை. "கண்ணியத்துக்குரிய மச்சான்" என்று எழுதினேன். அடுத்த வரி, "பெருநாளன்று நான் செய்த பகிடி" என்று தொடங்க வேண்டும். அதில் பேனை நின்றது. கல்லைக் கரைக்கும் பேச்சாளனுக்கு, "நான்தான்" என்ற ஒரு சொல் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு பூனை கீறினேன். தாள் மெத்தைக்குக் கீழே போனது. உங்களுக்குப் "போட்டுவிட்டேன்" என்று எழுதியது, எழுதிவிட்டால் வெட்கத்துக்காவது போட்டுவிடுவேன் என்று. பொய்யை முன்னால் அனுப்பிவிட்டு, உண்மையைப் பின்னால் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடலாம் என்று. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன். அப்படியே இரண்டு மாதம்.

ராத்தா, நீங்கள் கேற் சத்தத்துக்கு எழும்பியதெல்லாம் நான் போடாத கடிதத்துக்கு. மச்சான் சந்தியில் நின்று பல்லை மட்டும் கேட்டது நெஞ்சு கல்லாகி இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. தையலும் தெரியாது, கட்டியும் தெரியாது, நீங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதும் தெரியாது. இன்னும் தன்னை வேண்டாமென்றுதான் நீங்கள் தள்ளி இருந்தீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். என்ன கேட்பது என்று தெரியாமல்தான் பல்லைக் கேட்டார்.

நேற்று அந்தத் தாளை எடுத்து, பூனைக்குக் கீழேயிருந்து எழுதி முடித்தேன். இத்துடன் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை. முதலில் நீங்கள் வாசியுங்கள். சும்மாட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன், அது ஏன் தேவைப்பட்டது என்றும் எழுதியிருக்கிறேன். எழுதக் கூடாத சொல் ஒன்றும் இல்லை. இருபத்தைந்துக்கு முன் சேட் பைக்குள் இதையும் வைத்துக் கொடுப்பதும், அடுப்பில் போடுவதும் உங்கள் இஷ்டம். வாசித்துவிட்டும் அவர் வராவிட்டால் அது அவர் குற்றம். இதுவரைக்கும் நடந்தது என் குற்றம்.

பேச்சுப் போட்டியில் எனக்கு முதலாம் இடம் இல்லை. மூன்றாம் இடம். பேசியது நாலு பேர்.

இன்னொன்றும் இருக்கிறது. தாடி. ஏழு முடி இல்லை ராத்தா, மூன்றுதான். மிச்சம் நாலும் சவர்க்காரத்தில் ஒட்டியிருந்த விடுதிப் பூனையின் முடி; கழுவினதும் போய்விட்டது. அன்றே தெரியும். வீட்டில் ஓர் ஆம்பிளை இருக்கிறான் என்று நீங்கள் நினைக்க வேணும் போல இருந்தது. அதனால்தான் திருத்தி எழுதவில்லை.

உங்கள் சுகத்துக்கும் மருமகளின் சுகத்துக்கும் துஆச் செய்துகொண்டு,

மூன்று முடிக்காரன்,
பஸ்லான்